நிழல்பிடிப்பானின் புருவம்

“என் மூக்கை எடுத்து ஒரு ராட்சசிக்கு ஒட்டி வெச்சிருக்கியே, உனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்!”

“ஆன்ட்டி, அது உங்க மூக்குன்னு நான் எங்கயும் எழுதலையே...”

“எழுதி வேற வைக்கணுமா? ரெண்டு பக்கமும் மூக்குத்தி, நடுவுல கிளி மாதிரி வளைவு. இந்த பிளாட்ஸ்ல வேற யாருக்கு இருக்கு, சொல்லு? பால் பூத்துக்காரன் என்னைப் பார்த்து, ‘வாங்க மோப்பக்காரி மேடம்’ங்கறான்!”

இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாவது மாடி வராந்தாவில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் இந்தச் சண்டை. கத்தியவர் லோகநாயகி. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். வாங்கிக் கட்டிக்கொண்டது எதிர்வீட்டு சின்மயி. நான் முதல் மாடிக்காரி. மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போகிறவள்போல ஒரு வாளியோடு படியில் நின்றுகொண்டேன். அன்றைக்கு நான் துணியே துவைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சின்மயிக்கு முப்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு காமிக்ஸ் போடுகிறாள். ஆமாம், படக்கதைதான். ‘குழந்தைகளுக்கா?’ என்று யாராவது கேட்டால் அவள் அம்மா, ‘பெரியவங்களும் படிக்கிறாங்களாம்’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். நம் ஏரிக்குள்ளிருந்து எழுந்து வருகிற ‘ஏரிக்காரி’தான் அந்தக் கதைகளில் வீராங்கனை. ஒற்றைக் கையால் தண்ணீர் லாரியைத் தூக்குவாள். அவளைப் படைத்தவளோ, காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்க வாய் வராமல் அதற்கும் காசு கொடுத்துவிட்டு வருகிற ரகம்.

வாய்தான் அப்படி. கண் வேறு மாதிரி. லிஃப்டில் நம்மோடு வந்தால் நம் காதையே பார்த்துக்கொண்டு வருவாள். ‘என்னம்மா?’ என்றால், ‘ஒண்ணுமில்ல ஆன்ட்டி’ என்று கொண்டையில் செருகியிருக்கும் பேனாவைத் தொட்டுக்கொள்வாள். அடுத்த மாதம் அந்தக் காது ஏதாவது ஒரு பூதத்தின் தலையில் முளைத்திருக்கும். அப்படித்தான் லோகநாயகியின் மூக்கு மோப்பக்காரி என்கிற ராட்சசிக்குப் போனது. பிடிவாதமும் கொஞ்சநஞ்சமில்லை. யாரோ ஒரு பாத்திரத்தின் கைவிரல் சரியாக வரவில்லை என்று, அச்சுக்குப் போன பக்கங்களைத் திரும்ப வாங்கிவந்து வரைந்தவள். ‘விரலையெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க?’ என்று அச்சகத்துக்காரர் கேட்டாராம். ‘நான் பாப்பேன்’ என்றாளாம். இப்படிப்பட்ட பெண்ணுக்கு வரன் எப்படி அமையும் என்று நாங்கள் அவ்வப்போது கூடிக் கவலைப்படுவோம். எங்களுக்கு வேறென்ன வேலை.

பஞ்சாயத்துக்கு வந்து நின்றவர் கிட்டு சார். அசோசியேஷன் செயலாளர், தெருமுனை ஆட்டோக்காரர்கள்வரை சேர்த்திருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கும் அவர்தான் அட்மின். எந்தச் செய்தி வந்தாலும் அப்படியே அனுப்பமாட்டார்; சுத்தம் செய்துதான் அனுப்புவார். படத்தின் அடியில் கடைப் பெயர், ஆள் பெயர், விளம்பரம் எது இருந்தாலும் வெட்டிவிடுவார். ‘நம்ம குரூப்ல கமர்ஷியல் கூடாது’ என்பது கொள்கை. மேலே மட்டும் மரியாதைக்கு ஒரு வரி சேர்ப்பார்: ‘மின்வாரிய எச்சரிக்கை’, ‘சுகாதாரத் துறை அறிவுரை’ என்று எது பொருந்துமோ அது. அப்போதுதான் ஜனங்கள் படிப்பார்கள் என்பார். உண்மைதான், நாங்கள் படித்தோம்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருங்கம்மா. குரூப்ல இப்பதான் ஒரு முக்கியமான விஷயம் போட்டிருக்கேன், அதை முதல்ல...”

“மூக்கைப் பத்திப் பேசறப்போ குரூப் என்ன சார் குரூப்!” என்றார் லோகநாயகி. “நீங்களே சொல்லுங்க. இவ அந்த மூக்கை எடுக்கணும். இல்லேன்னா மீட்டிங்ல வெச்சு வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவேன். வாடகைக்கு இருக்கறவளுக்கு இவ்வளவா?”

சின்மயி மெதுவாகச் சொன்னாள்: “மூக்கை எடுத்துட்டா அவ மோப்பக்காரியே இல்ல ஆன்ட்டி.”

“அம்மா, விடும்மா. ஊர்ல எத்தனை பேருக்குத் தன் மூக்கு புஸ்தகத்துல வரும்?” என்று வாசற்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். லோகநாயகியின் பிள்ளை ஷ்யாம்சுந்தர். காட்டாங்குளத்தூரில் கல்லூரி நூலகத்தில் வேலை. அன்று லீவு போட்டிருந்தான். ஏன் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

“நீ உள்ள போடா!”

அவன் உள்ளே போனான். அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு குழந்தையின் அலறல் கேட்டது. அதன் மேல் ஆண்களின் சத்தம். “புடி! வுடாத, புடி அவன!”

படிக்கட்டு ஜன்னலில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவள் நான்.

கீழே என்ன நடந்தது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்துக்குப் புது இரும்பு கேட் செய்யச் சொல்லியிருந்தோம், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில். பேச்சுவார்த்தையெல்லாம் கிட்டு சாரும் பட்டறை முதலாளியும் போனில் நடத்தியது. மறுநாள் வருவதாக இருந்த கேட் அன்றைக்கே வந்துவிட்டது. லோடு ஆட்டோக்காரர், மாட்டுவதற்கு வந்த குப்புராஜையும் அவருடைய கருவிப் பையையும் இறக்கிவிட்டு, வேறு சவாரிக்குப் போய்விட்டார். குப்புராஜ் கேட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவருடைய தங்கை செல்வமேரி மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறாள். அன்று அவளுக்கு ஷிஃப்ட் முடிய நேரமாகும். அதனால் அவள் மகள் கெசியாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, கண்முன்னால் உட்கார வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்பது குப்புராஜின் கணக்கு. கெசியா யு.கே.ஜி. வழியில் ஐஸ் வண்டியைப் பார்த்துவிட்டாள். சளி பிடித்திருக்கிறது என்று மாமா வாங்கித் தரவில்லை. அழுது புரளும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருடைய போனிலும் அப்போதுதான் ஒரு படம் வந்திருந்தது. கோடுகளால் வரைந்த குரூரமான ஒரு முகம். மேலே ‘காவல்துறை வேண்டுகோள்’. கீழே: ‘குழந்தைகள் ஜாக்கிரதை! இவன் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டான்.’

குப்புராஜின் இடது புருவம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெல்டிங் பொறி பட்டு, அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை. படத்தில் இருந்த முகத்துக்கும் இடது புருவம் அப்படியே பிளந்திருந்தது.

நாங்கள் எட்டிப் பார்த்தபோது அவரை எங்கள் வாசல் மின்கம்பத்தோடு சேர்த்து நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். முன்னால் நின்றவன் தனக்கோடி. நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகிற ஆட்டோவை ஓட்டுகிறவன். நல்லவன்தான். பிரசவ வலி என்றால் மீட்டரே போடமாட்டான். அவன் கையில் இப்போது கேட்டுக்குப் போடுகிற தாழ்ப்பாள் கம்பி இருந்தது. குப்புராஜின் பையிலிருந்து எடுத்ததுதான்.

“அண்ணா, சத்தியமா என் தங்கச்சி கொயந்தைண்ணா. கேட்டு மாட்ட வந்தேன். தோ, கேட்டு கீது பாருங்கண்ணா.”

“கேட்டு மாட்டுறேன், கேஸ் செக் பண்றேன்னுதான்டா இப்பல்லாம் வந்துகினு வூடு பாத்துட்டுப் போறீங்க. இன்னா கத வுடுற?”

“பாப்பாவ கேளுங்கண்ணா. கெசியா, மாமான்னு சொல்லும்மா!”

யாரோ ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாள். “பாப்பா, இவரு யாரும்மா?”

கெசியாவுக்கு ஐஸ் கோபம் இன்னும் தீரவில்லை. “எனக்கு இவரு வாணாம்! வாணாம்!” என்று வீறிட்டாள்.

அவ்வளவுதான். கூட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கல் வந்து கம்பத்தில் பட்டு டங்கென்றது.

நாங்கள் கீழே இறங்கி வாசலுக்கு வந்துவிட்டோம். கிட்டு சார் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பட்டறைச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? செல்வமேரியைக் கூப்பிடலாமென்றால், குப்புராஜின் போன் தரையில் நாலு துண்டாகக் கிடந்தது. கம்பெனிக்குள் அவளுடைய போனும் லாக்கரில்தான் இருக்குமாம். போலீசுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்து ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி எது வருவதற்கும் பொழுதாகும்.

“நீங்களே பாருங்க சார்,” என்று தனக்கோடி கிட்டு சாரின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். “நீங்க அனுப்பிச்ச படம்தான். அதே புருவம் கீதா இல்லியா?”

சார் பார்த்தார். “இருக்கு...” என்றார். எதற்கும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற சின்மயியும் பார்த்தாள். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்ததை நான் கவனித்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய் படிக்கட்டுக் கைப்பிடியைத் தேடினாள். ஒரு படி மேலே ஏறினாள், இன்னொரு படியும் ஏறினாள். ஓடிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் யாருக்கும் கால் மேலேதான் போகும்.

“அந்தப் படம் போலீஸ் குடுத்தது இல்ல,” என்றாள் படியிலிருந்தே. யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, நான் பக்கத்தில் இருந்தேன்.

தனக்கோடி கம்பியை ஓங்கினான். குப்புராஜ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

“அது என்னோட படம்!”

இந்தப் பெண்ணின் தொண்டையில் இப்படியொரு சத்தம் இருப்பது அவளைப் பெற்றவளுக்கே தெரியாது. கூட்டம் திரும்பியது. சின்மயி படியிறங்கி, ஆட்களை விலக்கி, கம்பத்துக்கும் தனக்கோடிக்கும் நடுவில் போய் நின்றாள். 

“அது நான் வரைஞ்சது. என் அடுத்த புக்குல வர்ற வில்லன். நிழல்பிடிப்பான். குழந்தைங்களோட நிழலைத் திருடுவான். புக்கு வருதுன்னு போன வாரம் விளம்பரம் போட்டேன், அந்த ‘குழந்தைகள் ஜாக்கிரதை’ அதுல வர்ற வரிதான். அடியில புக்கு பேரு, என் பேரு எல்லாம் இருந்துச்சு. யாரோ வெட்டிட்டாங்க.”

நான் கிட்டு சாரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், பேஜார் பண்ணாத. ஓரமா போ,” என்றான் தனக்கோடி. “மேல போலீஸ்னு எய்தி கீது. நீ வரைஞ்சேன்னா, இவன் மூஞ்சி எப்டி அதுல வந்துச்சு? அப்போ இவன உனுக்கு முன்னாடியே தெரியும்?”

“தெரியும்.”

“கேட்டீங்களா! கூட்டு!” என்றது ஒரு குரல். கூட்டம் ஓர் அடி உள்ளே நெருங்கியது. அதுவரை பயந்துகொண்டு நின்ற நான், அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு பெண், ஒரு பொய் சொல்லித் தப்பிக்கக்கூடத் தெரியாதவள். ‘தெரியாது’ என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஆனால் அவளுக்கு வரைந்தது வரைந்ததுதான். அதில் ஒரு விரலைக்கூட மாற்றிச் சொல்லமாட்டாள்.

“இவர் முகம் இல்ல அது,” என்றாள். “புருவம் மட்டும்தான் இவரோடது.”

“மூஞ்சி வேற, புருவம் மட்டும் இவன்துன்னா இன்னா மேடம்? வெளாட்டா?”

சின்மயி கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். மூடியைத் திறந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தாள். மழையில் பாசி பிடித்த சுவர், மசி நிற்காது. பக்கத்தில் புது கேட் சாய்ந்திருந்தது. செங்காவி நிறத்தில் துரு தடுக்கிற பெயின்ட் அடித்து, பெரிய தகடாக. அதிலும் கறுப்பு மசி எடுபடாது. குப்புராஜுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தலையை மூடியிருந்த கைகளில் ஒன்றை இறக்கி, கிழிந்த சட்டைப் பையைத் துழாவி, இரும்பில் அளவு குறிக்கிற வெள்ளைச் சாக்கட்டியை எடுத்து நீட்டினார். அடிக்க வந்த கூட்டத்தின் நடுவில் அந்தக் கை நீண்டதை நான் மறக்கமாட்டேன்.

அவள் வரைய ஆரம்பித்தாள்.

 வேடிக்கை என்று வந்துவிட்டால் நம் ஜனங்கள் கையில் கல்லோடுகூட நின்று பார்ப்பார்கள். வட்டம், நெற்றி, குழிந்த கண். போனில் இருந்த அதே முகம் தகட்டில் பெரிதாக எழுந்து வந்தது.

“இந்தக் காது. மேல அகலமா, ஓரத்துல முடியோட. கிட்டு சார், கொஞ்சம் திரும்புங்க.”

கிட்டு சார் திரும்பாமல் காதைக் கையால் பொத்தினார். அதுவே சாட்சியாகிவிட்டது. யாரோ களுக்கென்றார்கள்.

“இந்த மீசை. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. எப்பவும் ஒரு பக்கமாவே பீடி புடிக்கிறதால வந்தது.” அவள் திரும்பி தனக்கோடியைப் பார்த்தாள்.

ஸ்டாண்டு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தனக்கோடியின் முகம் கறுத்தது. “கலாய்க்கிறியா? நானா கொயந்த திருடறவன்?” கம்பியைத் திருப்பிப் பிடித்தான். இந்த முறை அது குப்புராஜை நோக்கி இல்லை. சின்மயியின் கையிலிருந்த சாக்கட்டி இரண்டாக உடைந்தது. மீதியைப் பொறுக்கக்கூடக் குனியாமல், விரல் நுனியில் மிஞ்சியிருந்த துண்டாலேயே முகவாயை வரைந்தாள். நடுவில் ஒரு குழி. கோடு பிசகவில்லை.

“டேய் தனக்கோடி!”

கவுன்ட்டர் குரல். லோகநாயகி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், கையில் போன்.

“இவ சொல்றது நெசம்டா. இவ அப்படித்தான். திருட்டுக் கை! நாள் பூரா நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பிச்சு எடுத்துட்டுப் போயி அங்க ஒட்டுவா. இதோ பாரு!” போனில் மோப்பக்காரியின் படத்தைத் தன் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். “யாரோட மூக்குடா இது?”

தனக்கோடி படத்தைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான். “உங்களுதுதான் மேடம்.”

“இதுவும் பிள்ளைங்களத் திங்கற ராட்சசிதான். நீ எங்கிட்டதான ஒம்பொண்ண விட்டுட்டு சவாரி போற? அப்போ என்னையும் கம்பத்துல கட்டி அடிப்பியா? அடி. முதல்ல ஒன் மீசையை அடி. அப்புறம் செயலாளர் காதை அடி. படத்துல போலீஸ் பேரைப் போட்டது யாருன்னு அவரையே கேளு.”

எல்லாரும் கிட்டு சாரைப் பார்த்தார்கள். “நான்... ஒரு விழிப்புணர்வுக்காக...” என்றார். “அடியில இருந்த விளம்பரத்தை மட்டும்தான் எடுத்தேன்.”

கல் வைத்திருந்தவர்கள் அதைக் கீழே போடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எறியாதவர்கள்கூட வேறெதையோ பார்க்க வந்தவர்கள்போல நகர ஆரம்பித்தார்கள். தனக்கோடி மட்டும் போகவில்லை. கம்பி கையிலிருந்து எப்போது நழுவியதோ தெரியாது. மீசையைத் தடவிக்கொண்டு கேட்டை வெறித்தபடியே நின்றான்.

லோகநாயகியும் அப்போதுதான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தார். கண் முகவாயில் போய் நின்றது.

“ஏய். இந்தக் குழி விழுந்த முகவாய் என் பிள்ளையோடது இல்ல?”

சின்மயி விரலில் இருந்த சாக்கட்டித் தூளைச் சல்வாரில் துடைத்துக்கொண்டாள்.

“அவன்தான் எப்பவும் தாடி வெச்சிருக்கானே. நேத்துதான எடுத்தான். இந்தக் குழியை நீ எப்படி பாத்தே? எவ்வளவு கிட்டப் போயி பாத்தே?”

இத்தனை நேரம் கல்லுக்கும் கம்பிக்கும் நின்ற பெண், அந்தக் கேள்விக்குத்தான் ஒரு எட்டு பின்னால் போனாள். படியில் நின்ற ஷ்யாம்சுந்தர் முகவாயைக் கையால் மறைத்துக்கொண்டான். அவன் ஏன் லீவு போட்டிருந்தான் என்பது எனக்குப் புரிந்தது. என் கையில் இன்னும் காலி வாளி இருந்தது.

போலீஸ் வந்தபோது குப்புராஜ் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கெசியா அழுகையை நிறுத்திவிட்டு, ரத்தத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பித்திருந்தாள். “மாமா வா, வூட்டுக்குப் போலாம்,” என்று அவர் முழங்காலைப் பிடித்து இழுத்தாள். அந்த ‘மாமா’வைக் கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்கக்கூடாதா என்று எல்லாருமே நினைத்தோம். குழந்தையைச் சொல்லி என்ன? பெரியவர்கள் யாரும் அதற்குக் காத்திருக்கவில்லையே.

சின்மயி அவர் எதிரில் போய் நின்றாள். “உங்களைக் கேக்காம எடுத்துட்டேன். எங்க வீட்டு ஜன்னலுக்கு கிரில் மாட்ட வந்தப்போ பார்த்தது. தப்பு என்னோடது.”

குப்புராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். “புருவம் போனா போவுது மேடம். நல்லவனுக்கு வெச்சிருக்கக் கூடாதா?”

 வசனம் எழுதிப் பிழைக்கிறவள், குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

போலீஸ் கம்பெனிக்குத் தகவல் சொன்னதில், கொஞ்ச நேரத்தில் செல்வமேரி கம்பெனி உடையோடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள்.  அண்ணனின் உதட்டைத் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு கேட்டின் பக்கம் போய், அதே துப்பட்டாவால் அந்த முகத்தை அழித்தாள். காது, மீசை, முகவாய் எல்லாம் போகிற வரைக்கும் அழித்தாள். புருவத்தை மட்டும் இரண்டு தடவை தேய்த்தாள்.

இனி, கேட்பீர்கள் என்று தெரியும், அப்புறம் யார் யார் எங்கே என்று.

புத்தகம் சொன்ன மாதத்தில் வரவில்லை. அத்தனை பக்கத்தையும் சின்மயி திரும்ப வரைந்தாளாம். அச்சகத்துக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. வந்தபோது நிழல்பிடிப்பானுக்கு வேறு முகம். அவளுடைய முகமேதான், கொண்டையும் பேனாவும் உள்பட. வேறு யாருடைய காதும் மீசையும் அதில் இல்லை. மோப்பக்காரியும் மூக்கு மாறி, யாரோபோல இருந்தாள். லோகநாயகி முதல் பிரதியை வாங்கிப் புரட்டிவிட்டு, “என் மூக்கு எங்கடி?” என்று மறுபடி வராந்தாவில் சண்டைக்குப் போனார். மூக்கு வேண்டும் என்று. அடுத்த பதிப்பில் அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த பிறகு மூக்கு திரும்பி வந்தது.

கிட்டு சார் அட்மின் பதவியை விட்டுவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அங்கேயும் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாராம். தனக்கோடியின் மேல் வழக்கு நடக்கிறது. மீசையை எடுத்துவிட்டான், எங்கள் தெருவில் நிற்பதில்லை, பெருங்களத்தூர் ஸ்டாண்டுக்கு மாறிவிட்டான்.

ஷ்யாம்சுந்தருக்கும் சின்மயிக்கும் தை மாதம் கல்யாணம் நடந்தது. வரனைப் பற்றி அத்தனை கவலைப்பட்ட எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை, இருக்கட்டும். இப்போது காட்டாங்குளத்தூரில் கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு. அவள் அம்மாவும் அவர்களோடுதான். லோகநாயகி ஞாயிறு தவறாமல் மின்சார ரயிலில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறார்.

கல்யாணத்துக்கு அழைக்க சின்மயி தானே திருமுடிவாக்கம் போனாள். பட்டறையில் குப்புராஜ் இல்லை. ஒரகடம் பக்கம் எங்கேயோ வேலை மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்களாம். செல்வமேரியும் பழைய வீட்டைக் காலி செய்திருந்தாள். பத்திரிகையை அவள் கம்பெனி வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்தாள் சின்மயி. வாங்கிக்கொண்டாளாம். வரவில்லை.

கேட்டை வேறு ஆள் வந்து மாட்டினார். தாழ்ப்பாள் கம்பியை அன்றைக்கே போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறோம். குப்புராஜ் எங்கள் தெருப்பக்கம் பிறகு வரவேயில்லை.